வாய்மடையில் ஒரு சாக்கு மூட்டை

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாலை 6 மணிக்குப் பொதுக்கூட்டம் என்று துண்டறிக்கையில் அச்சிட்டிருந்தார்கள். நம் கூட்டங்களில் 6 மணி என்றால் 8 மணி என்று பொருள்; அது நமக்குப் புதிதல்ல. இடையில் கிடைத்த நேரத்தில் வரப்புவழி நடந்தோம். குறுவை நட்டுப் பத்துப் பன்னிரண்டு நாளாகியிருந்த வயல்கள். அப்படிப்பட்ட ஒரு வயலின் வாய்மடையிலே கண்டோம் அந்த மூட்டையை. குச்சி நட்டு, அதில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், ஒரு சிறு சாக்கு மூட்டை. அதைத் தொட்டுத் தழுவிக்கொண்டு ஓடிய தண்ணீர், இலேசாக நீலம் பூசிக்கொண்டு வயலுக்குள் போயிற்று.

"என்ன ஐயா இது?" என்று கேட்டோம், மண்வெட்டியோடு நின்ற பெரியவரை.

"மயில்துத்தம், தம்பி! பாசி புடிச்சுப் போச்சு. நாத்தை அமுக்குது. இதைக் கட்டிவிட்டா ரெண்டு நாள்ல செத்துப் போவும்."

"எல்லாப் பாசியுமா?"

"பாசியில என்ன தம்பி நல்லது கெட்டது? பாசின்னா பாசிதான்!" என்று சிரித்தார்.

அன்றிரவு மேடையில் நாம் பேசியது வேறு. கைதட்டல் கிடைத்தது, மாலை விழுந்தது, வண்டியேறி வந்துவிட்டோம். ஆனால் நெஞ்சை விட்டு இறங்க மறுத்தது அந்த நீலத் தண்ணீர். பாசியில் நல்லது கெட்டது உண்டு என்று அந்தப் பெரியவருக்கு எவரும் சொல்லவில்லையே! சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள், சம்பளமும் வாங்குகிறார்கள், ஆனால் சொல்லவில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

பாசி என்றதும் வழுக்கும் படிக்கட்டும் நாறும் குட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. நீலப்பச்சைப் பாசி என்று ஒரு இனம் உண்டு. கண்ணுக்கு அது கருநீலச் சளிபோலவும், காய்ந்தால் மண்மேல் உரியும் தோல்போலவும் தெரியும். நாஸ்டாக், அனபீனா, ஆலோசிரா, டோலிபோத்ரிக்ஸ் என்றெல்லாம் அறிஞர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். மணிகோத்த மாலைபோல் இருக்கும் இந்த இழைகளிலே, இடையிடையே ஒரு மணி மட்டும் தடித்த சுவரோடு தனித்து நிற்கும். அந்தத் தனி அறைதான் தொழிற்சாலை. காற்றிலே ஐந்தில் நான்கு பங்கு இருக்கிறது நைட்ரஜன். நெற்பயிர் அதிலே மூழ்கி நின்றும் ஒரு துளியும் உண்ண முடியாமல் பட்டினி கிடக்கிறது. அந்த நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக மாற்றிப் பயிருக்குப் படைக்கிறது இந்தத் தனி அறை. புகைபோக்கி இல்லை, மின்கட்டணம் இல்லை, திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரவேண்டிய தேவையும் இல்லை!

எருவே காணாத நெல்வயல் ஆண்டுதோறும் எப்படி விளைகிறது என்பது நெடுநாள் புதிர். 1939-ஆம் ஆண்டு பி. கே. டே என்ற அறிஞர், வங்காளத்து நெல்வயல் மண்ணை ஆராய்ந்து, இலண்டன் இராயல் சொசைட்டியின் ஏட்டிலே விடை எழுதினார்: தழைச்சத்தைத் தேடித் தருபவை நீலப்பச்சைப் பாசிகளே என்று. காசிப் பல்கலைக் கழகத்து ஆர். என். சிங் 1961-இல் இதைப்பற்றித் தனி நூலே வெளியிட்டார். உவர் நிலத்தையும் பாசியால் திருத்தலாம் என்று காட்டினார். டில்லி வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்திலே ஜி. எஸ். வெங்கடராமன் பாசியை உரமாக்கி உழவன் கைக்குக் கொடுக்கும் வழி கண்டார். நம் சென்னை மட்டும் சளைத்ததா? இந்தியப் பாசியியலுக்கே தந்தை என்று போற்றப்படும் எம். ஓ. பி. அய்யங்கார் சென்னைப் பல்கலைக் கழகத்தில் இருந்தவர். அதே சென்னையின் தேசிகாசாரி 1959-இல் நீலப்பச்சைப் பாசிகளைப்பற்றி எழுதிய பெருநூலை உலகமெங்கும் பாசி ஆராய்வோர் இன்றும் புரட்டுகிறார்கள். அய்யங்காரையும் ஆச்சாரியையும் நம் ஏட்டில் புகழ்கிறோமே என்று புருவம் உயர்த்தும் தோழர்கள் சற்றே பொறுத்தருள்க. அறிவு எங்கே விளைந்தாலும் நமக்குத் தேவை. விளைந்த அறிவு வரப்புவரை வந்து சேரவில்லையே என்பதுதான் நமது வழக்கு.

கணக்குக்கு வருவோம். பாசி செழித்த வயலில், ஒரு பயிர்க்காலத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து சேரும் என்பது பல இடத்துச் சோதனைகளின் பொதுமுடிவு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கே தழைச்சத்து. ஆக 25 கிலோ தழைச்சத்து என்பது ஏறத்தாழ 54 கிலோ யூரியாவுக்குச் சமம். இன்று யூரியா மூட்டை 45 கிலோ. ஒரு மூட்டைக்கும் மேலே, இலவசமாக!

"ஒரு மூட்டை யூரியா 267 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இந்த அற்பத்துக்கா இவ்வளவு ஆரவாரம்?" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. 267 ரூபாய் என்பது மூட்டையின் விலை அல்ல, மூட்டையின் முகமூடி! மிச்சத்தை மானியம் என்ற பெயரால் டில்லி கொடுக்கிறது. டில்லிக்கு யார் கொடுக்கிறார்கள்? தீப்பெட்டி வாங்கும் கிழவி முதல் செருப்பு வாங்கும் சிறுவன் வரை வரி கட்டும் நாம் கொடுக்கிறோம். 2022-23-இல் உர மானியம் மட்டும் இரண்டரை இலட்சம் கோடி ரூபாயை எட்டியது. அந்தப் பணம் உழவன் பெயரால் எழுதப்படுகிறது. உழவன் கைக்கு வருவதில்லை. பாசிக்கு மானியம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். பாசியை விற்கப் பெருமுதலாளி எவனும் இல்லை. ஆகவே பாசிக்காகப் பேசவும் எவனும் இல்லை.

சரி, மருந்தும் உரமும் பாசியை என்ன செய்கின்றன? இங்கேதான் கதை சிக்கலாகிறது. 'மருந்து போட்டார்கள், பாசி செத்தது' என்று ஒரே அடியில் முடித்துவிட்டால் மேடைக்கு நன்றாக இருக்கும். உண்மைக்கு நன்றாக இராது.

முதலில் யூரியா. அது பாசியைக் கொல்வதில்லை, சோம்பேறியாக்குகிறது. தட்டிலே சோறு இருக்கும்போது உலை வைப்பவர் யார்? நீரிலே கரைந்த தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால், நீலப்பச்சைப் பாசி அந்தத் தனி அறைகளைக் கட்டுவதையே நிறுத்திவிடுகிறது. தொழிற்சாலை மூடப்படுகிறது. அதோடு போயிற்றா? உரமுண்ட நீரிலே வேறொரு கூட்டம் பெருகுகிறது: பச்சைப் பாசிகள். இவை நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாதவை. பகல் வெளிச்சத்தில் நீரிலுள்ள கரியமில வாயுவை இவை உறிஞ்சி எடுக்க, நீரின் காரத்தன்மை நண்பகலில் ஏறுகிறது. காரம் ஏறினால், இட்ட யூரியாவிலிருந்து பிறந்த அம்மோனியா வாயுவாகிக் காற்றோடு போகிறது. வயலில் நின்ற தண்ணீரின்மேல் வீசிய யூரியாவில் கணிசமான பங்கு இப்படித்தான் பறக்கிறது. கடன்பட்டு வாங்கிய மூட்டை, கண்ணெதிரே ஆவியாகிறது! 'பயிர் வெளுக்குதே' என்று உழவன் இன்னொரு மூட்டை வாங்குகிறான். விற்றவன் சிரிக்கிறான்.

அடுத்து மணிச்சத்து. டி.ஏ.பி.யையும் சூப்பரையும் மேலாக வீசினால் பாசிக்கு அது பெருவிருந்து. நாற்றை அமுக்கும் பச்சைப் படலம் பெரும்பாலும் இந்த விருந்திலே பிறந்த பிள்ளைதான்.

பிறகு பூச்சிமருந்து. இது விந்தையிலும் விந்தை. பூச்சிமருந்து வீசிய வயலில் பல வேளைகளில் பாசி குறைவதில்லை; கூடுகிறது! பிலிப்பைன்ஸ் நாட்டு லாஸ் பானோஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். வயல் நீரிலே பாசியை மேய்ந்து வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நீர்த்தெள்ளு, சிறு ஓட்டுப்பூச்சி போன்றவை. இலைச்சுருட்டுப் புழுவுக்கு வைத்த குறி இவற்றின் தலையிலே விழுகிறது. மேய்ப்பவை மடிந்ததும் பாசி தறிகெட்டு வளர்கிறது. பிறகு, பகைவரெல்லாம் ஒழிந்த வெளியிலே தப்பிப் பிழைத்த மேய்ப்பவை பெருங்கூட்டமாகத் திரும்பி வருகின்றன. வந்து நல்ல பாசி, வேண்டாத பாசி என்று பாராமல் வழித்துத் தின்கின்றன. சமன் கெட்டது, கெட்டதுதான். இதையெல்லாம் 1980-இல் ரோஜே என்ற பிரெஞ்சு அறிஞரும் இலங்கையின் குலசூரியாவும் சேர்ந்து ஒரு நூலாகவே தொகுத்தார்கள்.

களைக்கொல்லிதான் நேர்ப்பகை. பாசியும் பச்சையம் உடைய உயிர். வெயிலைக் குடித்து வளர்வது. கோரைக்கு வைத்த நஞ்சு பாசியைக் கண்டு, 'நீ உழவனுக்கு உறவினன், உன்னை விட்டேன்' என்று ஒதுங்கிப் போகுமா? பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர் போன்றவற்றை நடவு முடிந்த சில நாளிலேயே வீசச் சொல்கிறார்கள். பயிர் விரிந்து நிழல் கட்டுமுன், வெயில் நீரில் விழும் அந்தச் சில வாரங்கள்தாம் பாசிக்கும் பருவம். விதைக்க வேண்டிய வேளையில் வெட்ட வருகிறார்கள்! எல்லாக் களைக்கொல்லியும் ஒன்றுபோல் கொடியதல்ல. எல்லாப் பாசியும் ஒன்றுபோல் மெலியதல்ல. ஆயினும் ஆய்வுக்கூடங்களில் அளவு கூடக்கூடப் பாசியின் வளர்ச்சியும் நைட்ரஜன் பிடிக்கும் ஆற்றலும் குறைவதை நம் நாட்டார் பலமுறை கண்டிருக்கிறார்கள். பூச்சிமருந்தைவிடக் களைக்கொல்லியே பாசிக்கு அதிகத் தொல்லை என்பதும் அவர்களுடைய பொதுக் கருத்து. 2020 மே மாதம் டில்லி ஆட்சியாளர் 27 மருந்துகளைத் தடை செய்யப் போவதாக வரைவு ஆணை ஒன்று வெளியிட்டார்கள். பியூட்டாகுளோரும் அதிலே இருந்தது. முழக்கம் பெரிதாக எழுந்தது. 2023-இல் தடைபட்டவையோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. வரைவு என்றால் வரைந்துவிட்டு அழிப்பது என்று பொருள்போலும்!

கடைசியாக மயில்துத்தம். செம்பு, பாசிக்கு எமன். நீலப்பச்சைப் பாசிக்கு இரட்டை எமன்.

இப்போது அந்தப் பெரியவரின் வயலை மறுபடி பாருங்கள், தோழர்களே! டி.ஏ.பி. வீசினார், பாசிக்கு விருந்தாயிற்று. யூரியா வீசினார், நல்ல பாசி வேலைநிறுத்தம் செய்தது, வேண்டாத பாசி பெருகிற்று. குருணை மருந்து போட்டார், பாசியைத் தின்பவை செத்தன, பாசி மேலும் பெருகிற்று. பெருகிய பாசியைக் கொல்லக் கடைக்குப் போய் மயில்துத்தம் வாங்கி வந்தார். நான்கு முறை காசு கொடுத்தார். நான்காவது காசு முதல் மூன்று காசின் வினையைத் தீர்க்க! இதற்குப் பெயர் விஞ்ஞான விவசாயமாம். விஞ்ஞானத்தின்மேல் நமக்கு வருத்தமில்லை. இதை எச்சரித்ததே விஞ்ஞானம்தான். பாதியை மட்டும் உழவனிடம் சொல்லி, மீதியைப் பூட்டிவைத்த ஏற்பாட்டின்மேல்தான் வருத்தம். 1960-இல் இந்தியா முழுவதிலும் ஏழே மாவட்டங்களைப் பொறுக்கித் தீவிரச் சாகுபடித் திட்டம் தொடங்கினார்கள். அவற்றில் தஞ்சையும் ஒன்று. அன்று முதல் மூட்டை வந்தது, விதை வந்தது, தெளிப்பான் வந்தது, கடன் வந்தது. பாசியைப்பற்றிய பாடம் மட்டும் வரவில்லை.

வயலோடு முடிகிற கதையா இது? காவிரிப் படுகையில் தண்ணீர் வயலுக்கு வயல் பாய்வது. என் வரப்பை உடைத்து உன் வயலுக்கு, உன் வரப்பை உடைத்து அடுத்தவன் வயலுக்கு, அங்கிருந்து வடிகாலுக்கு, வடிகாலிலிருந்து பாமணிக்கும் கோரையாற்றுக்கும், அங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு. வயலில் கரைந்தது அத்தனை ஊர் வாசலையும் மிதித்துக்கொண்டே கடலுக்குப் போகிறது. வழியிலுள்ள குளத்திலும் வாய்க்காலிலும் பாசிதான் அடிப்படை. பாசியை நீர்த்தெள்ளு தின்னும், நீர்த்தெள்ளை மீன்குஞ்சு தின்னும், குஞ்சு வளர்ந்து கெண்டையாகும். அடித்தளக் கல்லை உருவிவிட்டு மாடியிலே மீன் தேடினால் கிடைக்குமா?

அன்று நடவு முடித்து வரப்பேறிய தாய்மார்களைக் கேட்டோம். "வயலை வடியவுட்டா கெளுத்தியும் கொறவையும் துள்ளும், தம்பி. கூலி நெல்லு கொஞ்சமா இருந்தாலும் கொழம்புக்குக் கொறவில்ல. நண்டு புடிச்சிக்கிட்டுப் போவோம், நத்தை பொறுக்குவோம். இப்ப நண்டு வளையும் இல்ல" என்றார் ஒரு மூதாட்டி. எல்லாக் குற்றத்தையும் மருந்தின் தலையில் ஏற்றமாட்டோம். குளங்கள் தூர்ந்தன, வெளியிலிருந்து வந்த மீனினங்கள் உள்ளூர் மீனை விரட்டின, தண்ணீரே வராத ஆண்டுகளும் உண்டு. ஆனாலும், நிலமுடையவனுக்கு மருந்து என்றால் செலவுக் கணக்கு. நிலமில்லாத அந்தத் தாய்க்கு அது சோற்றுத் தட்டின் கணக்கு. களைக்கொல்லி வந்தபின் களையெடுப்புக் கூலியும் போயிற்று. குனிந்து குனிந்து முதுகொடிவது விடுதலையல்ல, அது தொலைவதில் நமக்கு வருத்தமில்லை. கூலியும் தொலைந்து குழம்பும் தொலைந்ததற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது என்ன? எந்தச் சட்டமன்றத்திலும் இந்தக் கேள்வி உரக்கக் கேட்கப்பட்டதாக நமக்கு நினைவில்லை. நம்மவர்களையும் சேர்த்தே சொல்கிறோம்.

'அப்படியானால் உரமே வேண்டாமா? தாத்தா காலத்துக்குத் திரும்பவா?' என்று மடக்குவார்கள். இல்லை. பஞ்சத்தைப் பண்பாடு என்று பாடும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். கடல் கடந்த பக்கத்துத் தீவிலே 2021-இல் ஒரு குடியரசுத் தலைவர், இரவோடிரவாக இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார். ஆயத்தமில்லை, மாற்றில்லை, உழவனைக் கேட்கவுமில்லை. நெல் விளைச்சல் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் திரும்பப் பெற்றார்கள். பட்ட அடி உழவனுக்கும் உண்பவனுக்கும். ஆணையால் மண் மாறாது. ஹெக்டேருக்கு 25 கிலோ தரும் பாசி, நூறு கிலோவுக்கு மேல் தழைச்சத்துக் கேட்கும் இன்றைய நெல்லுக்கு முழுச்சோறு ஆகாது. கால் பங்கு ஆகும். கால் பங்கு கையில் இருக்கும்போது அதைக் காசு கொடுத்துக் கொல்வானேன் என்பதே நம் கேள்வி.

அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே சாக்ரமெண்டோ ஆற்றோரம் நெல் விளைகிறது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், வயலிலிருந்து வடிந்த களைக்கொல்லியால் வடிகாலில் கெண்டை மீன்கள் மிதந்தன. நகரத்துக் குடிநீர் கசந்தது. அந்த அரசு என்ன செய்தது? மருந்து போட்டபின் இத்தனை நாள் தண்ணீரை வயலிலேயே நிறுத்தி வை, நஞ்சு சிதைந்தபின் வடியவிடு என்று விதி போட்டது. ஆற்று நீரைச் சோதித்துக்கொண்டே இருந்தது. ஆற்றில் நஞ்சு பெருமளவு குறைந்தது. அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. அங்கே ஆயிரம் ஏக்கருக்கு ஒரு முதலாளி, தனி மடை, தனி வடிகால். இங்கே அரை ஏக்கருக்கு ஒரு உழவன், அவன் தண்ணீரைப் பூட்டினால் அடுத்தவன் பயிர் காயும். வயலுக்கு வயல் பாய்வதை மாற்றிப் பொது வாய்க்கால் வெட்டித் தராமல், 'தண்ணீரை நிறுத்து' என்று உழவனுக்கு உபதேசம் செய்பவர் வெறும் வாய்ச்சொல் வீரர். வாய்க்கால் வெட்டுவது ஆட்சியின் வேலை. வடிகால் நீரைப் பருவத்துக்குப் பருவம் சோதித்து, கண்டதை ஊராட்சிப் பலகையில் எழுதி வைப்பதும் ஆட்சியின் வேலை. யூரியாவைத் தண்ணீரின்மேல் வீசாமல் சேற்றுக்குள் சேர்ப்பதற்குச் சொல்லித் தருவதும், மருந்துக்கடைக்காரனே மருத்துவனாகவும் இருக்கும் கொடுமையை ஒழிப்பதும் அவ்வாறே.

பாசி உரம் ஏட்டிலே இல்லாமல் இல்லை. உலர்ந்த பாசி ஹெக்டேருக்கு 10 கிலோ, நட்ட பத்தாம் நாள் தூவ வேண்டும் என்று வேளாண்மைப் பல்கலைக் கழகம் பரிந்துரைத்திருக்கிறது. உழவனே தொட்டி கட்டி வளர்க்கலாம்; கொஞ்சம் மண், கொஞ்சம் சூப்பர், தண்ணீர், வெயில். அந்தச் செய்முறையிலேயே கொசுப்புழு வராதிருக்கக் கார்போபியூரான் குருணையும் கொஞ்சம் போடச் சொல்லியிருந்ததைப் படித்தபோது நமக்குச் சிரிப்பும் வந்தது, வேதனையும் வந்தது.

மறுவாரம் அந்தப் பெரியவரிடமிருந்து தொலைபேசி. ஊர்த் தோழர் ஒருவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார், சாக்கை அவிழ்த்துவிட்டாராம். "அந்த நல்ல பாசிப் பொட்டலம் எங்க தம்பி கெடைக்கும்?" என்று கேட்டார். நாமும் தோழரும் உரம் விற்கும் இடங்கள் மூன்றில் ஏறி இறங்கினோம். இரண்டிலே, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள். மூன்றாமிடத்தில் மேசைக்குப் பின்னிருந்தவர் பேரேட்டைப் புரட்டினார். யூரியா இருந்தது. டி.ஏ.பி. இருந்தது. மயில்துத்தமும் இருந்தது.

"பேரு, ஊரு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. வந்தா சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.